கடலுக்கு மேலே எடுத்த தூசியும் குஜிலியம்பாறை வரப்பும்

காற்றில் மிதக்கும் துகள்களை அளக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம், கருவிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இன்றைய கருவிகள் என் காலத்துக் கருவிகளைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. கூடவே வரும் கையேடுகள் என்னைவிடத் தெளிவாகப் பேசும். கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். எவ்வளவு துகள் என்று கேட்பதற்கு முன்னால், கருவியின் மூக்கு வழியாக உள்ளே போனது என்ன என்று கேளுங்கள்.

வெப்பமண்டலக் கடலுக்கு மேலே காற்று ஒரே சீராக இருக்கும் என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீரை ஒட்டி உப்பு இருக்கும். அலை உடைந்து தெறிக்கும் துளிகள் காய்ந்து உப்புத் துகளாக மிதக்கும். மேலே போகப் போக அது குறைந்து, காற்றைக் கழுவிவிட்டதுபோல் ஆகும். அதற்கும் மேலே, எதிர்பார்க்காத உயரத்தில், திடீரென்று ஓர் அடுக்கு வரும். எங்கோ எரிந்த வயலின் புகையாக இருக்கலாம், எந்தப் பாலைவனத்திலோ கிளம்பிய மண்ணாக இருக்கலாம். இன்று கப்பல் நிற்கும் இடத்தில் இருக்கிற அடுக்கு, நாளை போய்ச் சேரும் இடத்தில் இருக்காது. அரபிக்கடலில் ஒரு கதை, வங்காள விரிகுடாவில் வேறு கதை.

என் முதல் கப்பல் பயணத்தில், நடுக்கடலில், தினமும் நண்பகலுக்குச் சற்று முன்னால் கரித்துகள் கூடிக் குறைந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடலுக்கென்று ஒரு தினசரிச் சுழற்சி இருப்பதாக முடிவுகட்டி, ஒருவர் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார். எங்கள் தலைவர் மட்டும் அதை நம்பவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்தவர், "இன்னைக்கு அப்பளம் இல்லையா?" என்று கேட்டார். எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றார் சமையல்காரர். தலைவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கருவியின் திரையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கடலும் இன்னைக்கு லீவு" என்றார்.

சமையலறைப் புகைபோக்கி, கருவியின் மூக்குக்கு நேர் கீழே இருந்தது.

அது சுலபமான சிக்கல். அப்பளத்தை நிறுத்தினால் தீர்ந்தது. நிறுத்தவே முடியாத அப்பளம் ஒன்றை, ஓய்வு பெற்று திண்டுக்கல்லில் வீட்டோடு இருந்த காலத்தில்தான் சந்தித்தேன்.

நாள் குறித்து வைப்பது என் பழக்கம். ஆவணி மாதம், வளர்பிறை, வியாழக்கிழமை, நல்ல முகூர்த்தம். எங்கள் தெருவின் இரண்டு முனைகளிலும் இருந்த மண்டபங்களிலிருந்து மேளச் சத்தம் வந்து என் வீட்டு வாசலில் மோதிக்கொண்டிருந்தபோது கப்பலிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஸ்டெல்லா. ஒட்டன்சத்திரத்துக்காரர், நான் ஓய்வு பெறுவதற்கு முன் எங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர்.

"சார், கேக்குதுங்களா? நம்ம பெட்டி உங்க ஊர்ப்பக்கம் உழுந்துருச்சுங்க."

"நீ எங்கம்மா இருக்கே?"

"நாகப்பட்டினத்துக்குக் கிழக்கால, கடல்லதானுங்க."

"பெட்டி?"

"குஜிலியம்பாறையிலங்க."

ஆவணியில் இது நடக்கக்கூடியதுதான். கருவிப் பெட்டியைக் கட்டிக் கப்பலிலிருந்து பலூனை விட்டதும் கீழே வீசும் மேற்குத் திசைக் காற்று அதைக் கடலுக்குள் தள்ளும். வெகு உயரம் போனதும் கிழக்கிலிருந்து வீசும் பலமான காற்று அதைப் பிடித்துக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டு வரும். பலூன் வெடித்ததும் பெட்டி பாராசூட்டில் இறங்கும். பெட்டியின்மேல் "ஆபத்தில்லாத அறிவியல் கருவி, கண்டெடுத்தவர் தெரிவிக்கவும்" என்று தமிழில் ஒட்டி, அலுவலக எண்ணையும் போட்டிருப்போம்.

"அலுவலகத்துக்கு ஒருத்தர் போன் பண்ணி, பெட்டி என் காட்டுல உழுந்துருக்குன்னு சொன்னாருங்க. கொஞ்ச நேரத்துல இன்னொருத்தர் பண்ணி, என் காட்டுல உழுந்துருக்குன்னாருங்க. ஆபீஸ்ல ரெண்டு பெட்டி உழுந்துருக்குன்னு எழுதிட்டாங்க. நாங்க விட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்க சார்."

பிறகு ஸ்டெல்லாவின் குரல் மாறியது. அதுதான் அவரிடம் இருந்த கடைசி பலூன். முந்தையவற்றில் சில வழியிலேயே வெடித்தன, ஒன்று கடலில் விழுந்து காணாமல் போனது. நடு உயரத்தில் ஒரு தூசி அடுக்கு இருக்கிறது, அது மேற்கே பாலைவனத்திலிருந்து வந்து வங்காள விரிகுடாவின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்பது அவருடைய வாதம். மூத்த விஞ்ஞானிகள் சிரித்தார்கள். அவர் கருவி கப்பல் தளத்துத் தூசியை எண்ணுகிறது என்றார்கள். இந்தப் பெட்டியில் எந்த உயரத்தில் எத்தனை துகள் என்ற கணக்கு ஒரு நினைவகச் சில்லில் பதிவாகியிருந்தது. அவை என்ன துகள் என்று சொல்ல, அந்த அடுக்குக்குள் போனதும் வாய் திறந்து காற்றை இழுக்கும் ஒரு வடிகட்டித் தாள் இருந்தது. அடுக்கைத் தாண்டியதும் வாய் மூடிக்கொள்ள வேண்டும்.

"தொறந்துச்சுங்க சார். மூடலைங்க. எறங்குற வரைக்கும் வந்த சிக்னல்ல தெரிஞ்சுச்சுங்க."

"பம்ப்?"

"ஓடிட்டேதான் இருக்குங்க. பேட்டரி சாயங்காலம் வரைக்கும் தாங்கும். இப்ப அது குஜிலியம்பாறைக் காத்தைக் குடிச்சுட்டு இருக்குங்க. பாலைவனத்து மண்ணுன்னு நான் காட்டப்போற தாள்மேல ஊர் மண்ணு படிஞ்சுட்டு இருக்கு. எனக்கு அடுத்த பயணம் தர மாட்டாங்க சார்."

நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். என் மனைவி, "கடல்ல விட்டதக் காட்டுல போயித் தேடுறீகளா?" என்றாள். "ரிட்டையர் ஆனாலும் உங்க ஆபீசு உங்கள விடாது. இந்தா, தொப்பியவாவது போட்டுட்டுப் போங்க."

குஜிலியம்பாறையைத் தாண்டி, போன் செய்தவர்கள் அலுவலகத்தில் சொன்ன ஊரில் இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பட்டுச் சேலையும் சந்தனப் பொட்டுமாக ஊரே ஒரு மானாவாரிக் காட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. சின்னச்சாமி என்பவரின் மகளுக்கு அன்று காது குத்து. பந்தியில் முதல் வரிசை உட்கார்ந்த நேரத்தில் பெட்டி வானத்திலிருந்து இறங்கியிருக்கிறது. இலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

பெட்டி ஒரு வரப்பின்மேல் குந்தியிருந்தது. வரப்புக்கு மேற்கே சின்னச்சாமியின் முருங்கை மரத்தில் பாராசூட் தொங்கியது. கிழக்கே அவருடைய அண்ணன் பெரியசாமியின் கடலைச் செடிகள்மேல் கிழிந்த பலூன் கிடந்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். காது குத்துக்கு அண்ணனை அழைக்கவில்லை என்பது அவர் கட்டியிருந்த பழைய கைலியைப் பார்த்ததுமே தெரிந்தது.

நான் யாரென்று சொல்லிவிட்டுப் பெட்டியை நோக்கிப் போனேன். இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரலில், "தொடாதீக!" என்றார்கள்.

விஷயம் இதுதான். அந்த வரப்பின்மேல் அண்ணன் தம்பிக்குள் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வருசா வருசம் உழும்போது தம்பி வரப்பை நகர்த்திவிட்டார் என்பது அண்ணனின் புகார். நகர்த்தியது அண்ணன்தான் என்பது தம்பியின் பதில். இப்போது அரசாங்கத்தின் பெட்டி ஒன்று அதே வரப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரும் கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்திருக்கிறார்கள். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தபடி, "நான் வர்ற வரைக்கும் யாரும் அத அசைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

"சார், இதுக்குள்ள ஜிபிஎஸ் இருக்காம்ல?" என்றார் சின்னச்சாமி. "எந்த எடத்துல உழுந்துச்சுன்னு அச்சடிச்ச மாதிரி சொல்லுமாம்ல? அதக் கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டுப் பொட்டியக் கொண்டுபோங்க."

"அது அவ்வளவு துல்லியமாச் சொல்லாதுங்க. சில மீட்டர் முன்ன பின்ன இருக்கும்."

"அந்தச் சில மீட்டருக்குத்தான சார் கேசே நடக்குது!"

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பெட்டிக்குள் பம்ப் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது ஏற்கெனவே கேட்டிருக்கிறது. அதனால்தான் பெட்டியின்மேல் குங்குமம் இருந்தது. பெட்டிக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் எரிந்தது. அதன் கரும்புகை நேராகக் கருவியின் மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் மாறி மாறி எட்டிப் பார்த்ததில் செம்மண் புழுதி முழங்கால் உயரத்துக்குக் கிளம்பியது. போதாததற்கு ஒருவர், பெட்டியில் ஈ உட்காராமல் இருக்கத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, விசிறாதீங்க! கற்பூரத்தை எடுங்கம்மா. அது இந்தப் புகையையெல்லாம் குடிக்குது."

"குடிக்குதா?" என்றார் துண்டுக்காரர். "அப்ப எளநி ஒண்ணு வெட்டட்டுமா சார்?"

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குப் பதற்றம் வந்தால் நம் கை முதலில் கருவியை நோக்கித்தான் போகும். எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பெட்டியை நான் தூக்கியிருந்தால், ஒன்று கிழக்கே கால் வைத்திருக்க வேண்டும், அல்லது மேற்கே. எந்தப் பக்கம் வைத்தாலும் மறுபக்கம் என்மேல் பாய்ந்திருக்கும். நடுவில் பெட்டி உருண்டிருக்கும், தாள் கிழிந்திருக்கும். யோசித்துப் பார்த்தபோது, எனக்கு உடனே வேண்டியது பெட்டியே இல்லை என்று புரிந்தது. அதன் மூக்கை அடைத்தால் போதும்.

"பெட்டி இங்கயே இருக்கட்டும். நான் நகர்த்தல. அந்தக் குழாயோட வாயை மட்டும் மூடணும். சுத்தமான ஏதாவது வேணும். சமையல்காரர்கிட்ட சில்வர் பேப்பர் இருக்கா? புது ரோலா இருக்கணும்."

பிரியாணிப் பொட்டலம் கட்டக் கொண்டுவந்திருந்த சில்வர் பேப்பர் ரோல் ஒன்று பிரிக்காமல் வந்தது. இப்போது அடுத்த கேள்வி. அதை யார் சுற்றுவது?

"தம்பி ஆளுக யாரும் தொடக் கூடாது" என்றார் பெரியசாமி.

"அண்ணன் ஆளுக தொட்டா நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றார் சின்னச்சாமி.

"நான் தொடலாமா?"

"நீங்க வண்டியை யாரு காட்டுப் பாதையில நிறுத்துனீக?" என்றார் பெரியசாமி. நான் திரும்பிப் பார்த்தேன். தம்பியின் பக்கம் நிறுத்தியிருந்தேன்.

பம்ப் முனகிக்கொண்டிருந்தது. கற்பூரத் தட்டை நகர்த்திவிட்டார்கள். புழுதி நகரவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்று வரப்பேறிப் பெட்டியை முகர்ந்து பார்த்தது. அது யாருடைய குட்டி என்பதிலும் இரண்டு கருத்து இருந்தது.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் முன்னால் வந்தார். பச்சைப் பட்டுச் சேலை, கையில் சந்தனக் கிண்ணம். எரியோட்டில் வாழ்க்கைப்பட்ட பொன்னுத்தாய், இந்த அண்ணன் தம்பிகளுடன் பிறந்தவர்.

"அந்தக் காயிதத்த எங்கிட்டக் குடுங்க சார்."

"நீ தொடாத தாயி" என்றார் பெரியசாமி. "நீ அவன் வீட்டு விருந்துக்கு வந்தவ. அவன் பக்கம்."

பொன்னுத்தாய் கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். "எனக்குப் பங்கு வேணாமுன்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்குனீங்கள்ல? அன்னைக்கு நான் எந்தப் பக்கமுன்னு கேட்டியாண்ணே?"

அவர் தம்பியைப் பார்த்தார்.

"நீயி? பேனாவ நீட்டுனவன்தான நீயி? இந்தக் காட்டுல எனக்கு ஒரு சாண் கெடையாது. அதனால எனக்கு அம்புட்டு எடமும் ஒண்ணுதான். ஒத்துங்கப்பு."

ஆடிக்காற்றுக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கினார்கள். நான் தள்ளி நின்று சொல்லச் சொல்ல, அவர் சில்வர் பேப்பரைக் கிழித்து, உள்பக்கம் விரல் படாமல், குழாயின் வாயில் வைத்து இரண்டு மடிப்பாகச் சுற்றி, தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தின் நாரால் கட்டினார். பம்பின் சத்தம் ஒரு கணம் ஓங்கி, மூச்சுத் திணறி, மெலிந்தது.

"செத்துருச்சா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தூங்குது" என்றார் பொன்னுத்தாய்.

நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருக்கலாம். ஆனால் அப்பளம் நினைவுக்கு வந்தது. வாயை அடைத்தாயிற்று. ஏற்கெனவே உள்ளே போனதை என்ன செய்வது? கலந்த தூசியை இனிப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் கலந்தது என்னவென்று தெரிந்துவைத்துக்கொள்ள முடியும். என்ன கலந்தது என்று தெரிந்தால் அதைக் கழிக்கலாம். இப்போதே எடுக்காவிட்டால், நாளைக்கு இந்தக் கூட்டமும் இருக்காது, இந்தக் கற்பூரமும் இருக்காது.

"எனக்குக் கொஞ்சம் சின்னப் பைகள் வேணும்" என்றேன்.

ஊரில் அன்று இருந்த பைகள் தாம்பூலப் பைகள்தான். மஞ்சள் நிறத்தில், "காதணி விழா" என்ற எழுத்தும் குழந்தையின் படமும் அச்சிட்டவை. அவற்றை உதறி, உள்ளே சில்வர் பேப்பர் விரித்து, ஒவ்வொன்றிலும் போட்டேன்: தட்டில் படிந்திருந்த கற்பூரக் கரி, குங்குமம், திருநீறு, காய்ந்து தூளாகிப்போன ஆட்டுப் புழுக்கை. பிறகு மண்.

மேற்கே குனிந்து அள்ளினேன். கிழக்கே குனிந்து அள்ளினேன்.

"சார், தம்பி மண்ணு ரெண்டு கை அள்ளுனீக" என்றார் பெரியசாமி. "என்னுது ஒரு கைதான?"

இன்னொரு கை அள்ளினேன். வரப்பின் மண்ணையும் எடுத்து, பையின்மேல் "வரப்பு" என்று எழுதினேன். யாருடைய வரப்பு என்று எழுதச் சொல்லி இரண்டு பேரும் கேட்டார்கள். "வரப்புன்னா போதும், மண்ணுக்குத் தெரியும்" என்றேன். என்ன சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. ஆனால் இருவரும் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பெட்டியைச் சுற்றி வந்தார். சர்வேயர் இல்லாமல் அளக்க முடியாது, இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் சார் எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். சம்மதத்துக்கு எழுத்து வேண்டும் என்றார்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன்: பாராசூட் மேற்கே முருங்கை மரத்தில், பலூன் கிழக்கே கடலைச் செடிமேல், பெட்டி வரப்பின்மேல். இருவரும் வாசித்தார்கள். வரப்பு தன்னுடையதுதானே என்ற திருப்தியில் இருவரும் புன்னகைத்தார்கள். ஆளுக்கொரு நகல் கேட்டு வாங்கி, பிறகு இருவருமே அதை நீதிமன்றத்தில் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பெட்டியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, மஞ்சள் பைகளைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் நான் விசேஷத்தில் மிஞ்சியதையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

கப்பல் கரை சேர்ந்ததும் ஸ்டெல்லா எல்லாவற்றையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். வடிகட்டித் தாளில் கற்பூரக் கரி இருந்தது. இரும்புச் சத்து நிறைந்த குஜிலியம்பாறைச் செம்மண்ணும் இருந்தது. ஆட்டுக்குட்டியும் தன் பங்கைச் சேர்த்திருந்தது. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்தபின், இந்தப் பைகள் எதிலும் இல்லாத ஒரு மண் மிச்சம் இருந்தது. மிக நுண்ணியது, சுண்ணாம்புச் சத்து கூடியது. மேற்கே பாலைவனங்களில் கிளம்பும் மண்ணின் குணம் அது. சில்லில் இருந்த கணக்கும் அதோடு பொருந்தியது. கடலுக்கு மேலே நடு உயரத்தில் திடீரென்று கூடி, அதற்கு மேலே போனதும் சட்டென்று குறைந்திருந்தது.

மூத்தவர்கள் கூடிய கூட்டத்தில் என்ன நடந்தது என்று ஸ்டெல்லா சொல்லித்தான் தெரியும். முன்பு சிரித்தவர்களில் ஒரு பெரியவர்தான் கேட்டிருக்கிறார். "பெட்டி விழுந்த இடத்து மண்ணாக இருக்கலாமே?"

ஸ்டெல்லா மஞ்சள் பைகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். அண்ணன் மண், தம்பி மண், வரப்பு, கற்பூரம், குங்குமம், திருநீறு, புழுக்கை. ஒவ்வொன்றின் ஆய்வு முடிவும் அதற்குப் பக்கத்தில். பெரியவர் ஒரு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, "யாருக்குக் காது குத்து?" என்று கேட்டாராம். அதற்குமேல் அவரிடம் கேள்வி இல்லை. அடுத்த கப்பலில் ஸ்டெல்லாவுக்கு இடம் கிடைத்தது. இந்தமுறை பெட்டியின் வாயை மூட இரண்டு மூடிகள் வைத்திருக்கிறார்.

மண் முடிவு வந்த செய்தி ஊருக்கு எட்டிய அன்றே பெரியசாமி எனக்குப் போன் செய்தார். "சார், யாரு மண்ணு ஒசத்தி?"

"ரெண்டும் ஒரே மண்ணுதாங்க. ஒரு வித்தியாசமும் இல்ல."

"தம்பி உங்களை வந்து பாத்தானா?" என்றார்.

மறுநாள் சின்னச்சாமி போன் செய்து, அண்ணன் என்னைக் கவனித்துவிட்டாரா என்று விசாரித்தார்.

ஸ்டெல்லாவின் கட்டுரை வெளிவந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் யார் பெயரை முதலில் போடுவது என்று என்னிடம் கேட்டிருந்தார். அண்ணன் பெயரை முதலில் போட்டால் தம்பி சும்மா இருக்க மாட்டார். அகரவரிசையில் போட்டால் அண்ணன் சும்மா இருக்க மாட்டார். வாயை மூடியவர் பெயரை மட்டும் போடச் சொன்னேன். எரியோடு பொன்னுத்தாய் என்று அச்சாகி வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்த அந்த ஒரு வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல இருந்து என் பேர எடுக்க எங்கண்ணன் தம்பியால முடியாதுல்ல?" என்றார்.

"முடியாதும்மா."

ஒரு வாரம் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டார். சிரிப்பில் பேச்சு வரவில்லை. "சார், எங்கப்பா கருமாதிக்குக்கூட ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் பத்திரிகை அடிச்சாங்க. இப்ப ஒண்ணாச் சேர்ந்து உங்க ஆபீசு மேல மனு எழுதியிருக்காங்க. எங்க மண்ண எடுத்துட்டு எங்க பேரப் போடலயாம்."

மனுவின் நகல் அலுவலகத்திலிருந்து எனக்கும் வந்தது. நல்ல கையெழுத்து, மரியாதையான வாசகம். கீழே பெரியசாமியும் சின்னச்சாமியும் பக்கத்துப் பக்கத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்திருந்தது.

அன்று மாலையே பெரியசாமியின் போன் வந்தது. நகலை நன்றாகப் பார்க்கச் சொன்னார். அந்தக் கோட்டைத் தம்பி அண்ணன் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டிருக்கிறானாம்.